ஆள் கூடினால் எரிபொருள் விலை ஏறுமா, இறங்குமா?

கேள்வி இதுதான்: "உலகில் ஆள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஏழை நாடுகளிலிருந்து பணக்கார நாடுகளுக்குக் குடியேறுபவர்கள் போன இடத்தில் கார், ஏசி, ஹீட்டர் என்று பல மடங்கு எரிசக்தி செலவழிக்கிறார்கள். எத்தனால், சூரிய மின்சாரம் என்று எவ்வளவு உற்பத்தி செய்தாலும் புதிதாகச் சேரும் ஆட்களே அதைத் தின்றுவிடுவார்கள். குடியேற்றத்தைக் குறைக்காமல் புதுப்பிக்கத்தக்க எரிபொருளில் பணம் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதானே?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது, கூடவே ஒரு குழப்பமும் இருக்கிறது. "புதுப்பிக்கத்தக்கது" என்ற ஒரே பெயரை ஒட்டி இரண்டு வேறு சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்கிறோம். விறகு, கரும்பு எத்தனால், பாமாயில் டீசல் எல்லாம் நிலத்தில் விளைபவை. சூரிய மின்சாரம், காற்று மின்சாரம், பேட்டரி எல்லாம் தொழிற்சாலையில் செய்த கருவியின் வழியாக வருபவை. வாங்குபவர் கூடக் கூட முதல் வகை விலை ஏறும். இரண்டாவது வகை, இதுவரை பார்த்ததில், விலை இறங்கியிருக்கிறது. ஆள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இரண்டையும் பிரிக்காமல் பதில் சொல்லவே முடியாது.

முதலில் தலைக்கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1960களில் உலக மக்கள்தொகை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. இப்போது 1 சதவீதம்கூட இல்லை. 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும் என்பது 2024இல் ஐ.நா. வெளியிட்ட கணிப்பு. பாதிக்கும் மேற்பட்ட நாடுகளில் பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 2.1 குழந்தைக்குக் கீழே வந்துவிட்டது. பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்பவர்கள் 2024இல் 30.4 கோடிப் பேர், அதாவது உலக மக்களில் 3.7 சதவீதம். நூற்றுக்கு நான்கு பேர்கூடத் தேறாது.

ஆனால் இந்த நான்கு பேரும் பரவலாகப் போவதில்லை, சில நாடுகளில் குவிகிறார்கள். 2023இல் கனடாவின் மக்கள்தொகை ஒரே ஆண்டில் 3.2 சதவீதம் வளர்ந்தது. அதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களால். அப்படிப்பட்ட இடத்தில் வீடு, மின்சாரம், பேருந்து எல்லாவற்றுக்கும் நெருக்கடி வருவது உண்மை. அதை மறுப்பவர்கள் அங்கே வாடகை கொடுத்துப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

சரி, ஓட்டைக் குடத்துக்கு வருவோம். இதைச் சோதிக்க அமெரிக்காவை விட நல்ல இடம் கிடையாது. குடியேற்றமும் அதிகம், எத்தனாலும் அதிகம், காரும் அதிகம். 2007க்கும் 2023க்கும் நடுவில் அந்த நாட்டு மக்கள்தொகை சுமார் 30 கோடியிலிருந்து 33.5 கோடியானது. 11 சதவீத ஏற்றம், அதில் குடியேற்றத்துக்குப் பெரிய பங்கு. கேள்வி கேட்டவரின் தர்க்கப்படி பெட்ரோல் செலவும் 11 சதவீதம் ஏறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2007இல் நாளொன்றுக்குச் சுமார் 93 லட்சம் பீப்பாய் பெட்ரோல் விற்றது, 2023இல் சுமார் 89 லட்சம். எரிசக்தியால் வெளியாகும் கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 600 கோடி டன்னிலிருந்து 480 கோடி டன்னாக இறங்கியது. ஆள் கூடியிருக்கிறது, புகை குறைந்திருக்கிறது.

இதில் எத்தனாலின் பங்கு சின்னதுதான். நிலக்கரி மின்நிலையங்கள் மூடி எரிவாயு வந்தது, காற்றாலையும் சோலாரும் வந்தன, கார்கள் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடத் தொடங்கின. ஜப்பானியப் பொருளாதார வல்லுநர் யோய்ச்சி கயா எழுதிக்கொடுத்த ஒரு பெருக்கல் கணக்கு இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆட்கள், ஆளுக்கு வருமானம், வருமானத்துக்கு எரிசக்தி, எரிசக்திக்குக் கார்பன். நான்கையும் பெருக்கினால் மொத்தப் புகை. இதில் முதல் எண்ணை அசைக்க ஒரு தலைமுறை ஆகும். கடைசி இரண்டும் ஒரு அடுப்பை, ஒரு காரை மாற்றும்போதே மாறிவிடும். மக்கள் ஏனோ முதல் எண்ணைப் பற்றியே சண்டை போடுகிறார்கள்.

ஆள் கூடினால் பொருள் விலை ஏறுமா என்று பந்தயமே கட்டியிருக்கிறார்கள். மக்கள்தொகை பெருகி எல்லாம் தட்டுப்பாடாகும் என்று சொல்லிவந்த உயிரியலாளர் பால் எர்லிக்கும், அதெல்லாம் ஆகாது என்ற பொருளாதார வல்லுநர் ஜூலியன் சைமனும் 1980இல் ஐந்து உலோகங்களின் விலை மீது பந்தயம் கட்டினார்கள். பத்து ஆண்டில் உலகில் 80 கோடிப் பேர் கூடியும், பணவீக்கம் கழித்த விலைகள் இறங்கின. 1990இல் எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார். நான் இதை யாருக்கும் ஆதாரமாகக் காட்டுவதில்லை. வேறு பத்தாண்டுகளில் அதே பந்தயம் கட்டியிருந்தால் எர்லிக் ஜெயித்திருக்கக் கூடும். எந்தப் பொருள், எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்காமல் "வளம்" என்று பொத்தாம்பொதுவாகப் பந்தயம் கட்டினால் இப்படித்தான், நாணயம் சுண்டிப் பார்ப்பது போல ஆகும்.

அதனால் பொருளைப் பார்ப்போம். வயலில் விளைவதிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. அதிலிருந்து கிடைப்பது அந்நாட்டின் கார் எரிபொருளில் அளவால் பத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் இருப்பதால், உண்மையில் 7 சதவீதம். ஆலையில் மாவுச்சத்து மட்டுமே எத்தனாலாகிறது. சோளத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகத் திரும்பி வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியும் 50 லிட்டர் டாங்க்கை ஒருமுறை எத்தனாலால் நிரப்பச் சுமார் 120 கிலோ சோளம் தேவை. ஒரு ஆளுக்கு ஆறு மாதத்துக்குப் போதுமான கலோரி அது.

இங்கே ஆள் கூடுவது நேரடியாகக் கடிக்கும். சாப்பாட்டுக்கும் டாங்க்குக்கும் ஒரே நிலம்தான். 2005இலும் 2007இலும் அமெரிக்கா எத்தனாலைச் சட்டப்படி கட்டாயமாக்கியபோது, சோளத்துக்கு ஒரு புதிய, பசி அடங்காத வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார். அதன் பிறகு உணவு விலை ஏறியதில் எத்தனாலுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் சண்டை ஓயவில்லை. எண்ணெய் விலை, வறட்சி, ஏற்றுமதித் தடை என்று வேறு காரணங்களும் கூடவே இருந்தன. ஆனால் பங்கு இருந்தது. 2007இல் போட்ட சட்டம் இன்னொன்றையும் கனவு கண்டது: 2022க்குள் 1,600 கோடி கேலன் எரிபொருள் தட்டை, புல், மரக்கழிவு இவற்றிலிருந்து வரும் என்றது. அது வரவே இல்லை. அந்த இலக்கை ஆண்டுதோறும் வெட்டி வெட்டி, கடைசியில் ஏட்டில் நின்றதும் பெரும்பாலும் குப்பைக்கிடங்கிலும் சாணத்திலும் பிடித்த வாயு. சட்டம் போட்டால் வேதியியல் பணியாது.

பிரேசில் கதை இதைவிட நன்றாகப் போனது. 1975இல், எண்ணெய் விலை அதிர்ச்சிக்குப் பிறகு, கரும்பு எத்தனால் திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். கரும்புக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சாற்றைப் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையை எரித்தே ஆலை ஓடும், மின்சாரமும் விற்கலாம். ஒரு ஹெக்டேரிலிருந்து 6,000 லிட்டருக்கு மேல் எத்தனால் கிடைக்கும். 1980களின் முடிவில் சர்க்கரை விலை ஏறியதும் ஆலைக்காரர்கள் சர்க்கரைப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். எத்தனால் மட்டும் குடிக்கும் காரை வாங்கியவர்கள் பங்க்கில் வரிசையில் நின்றார்கள். அந்தச் சூடு ஆறப் பல ஆண்டு ஆனது. 2003இல் எதைப் போட்டாலும் ஓடும் கார் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. இன்றும் அங்கே பங்க்குக்குள் நுழையும் ஓட்டுநர் விலைப்பலகையைப் பார்த்து மனதுக்குள் ஒரு வகுத்தல் போடுவார். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் எத்தனால், தாண்டினால் பெட்ரோல். எரிபொருள் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தரும் வகுப்பறையை நான் பார்த்ததில்லை.

கரும்பில் குடியேற்றம் வேறொரு முகத்தோடு வருகிறது. இந்த எத்தனால் மலிவாக இருந்ததற்கு ஒரு காரணம் அதை வெட்டிய கைகள். பிரேசிலின் வறண்ட வடகிழக்கிலிருந்து அறுவடைக் காலத்தில் சாவ் பாவ்லோ மாநிலத்துக்கு ஆட்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். டன் கணக்கில் கூலி. ஒருவர் ஒரு நாளில் 8 முதல் 12 டன் வெட்டினார். தோகையைத் தீ வைத்துப் பொசுக்கிய வயலில், கரியும் சாம்பலும் அப்பிய உடம்போடு, வெயிலில் ஒவ்வொரு கட்டாகக் குனிந்து குனிந்து. 2000களின் நடுவில் சில தொழிலாளர்கள் வேலைக் களைப்பில் இறந்துபோன செய்திகள் வந்து பெரிய விவாதமானது. 2007இல் வயலைக் கொளுத்துவதைப் படிப்படியாக நிறுத்த அந்த மாநில அரசும் ஆலைகளும் உடன்பாடு செய்துகொண்டன. கொளுத்தாத கரும்பைக் கையால் வெட்டிக் கட்டுப்படியாகாது, எனவே இயந்திரம் வந்தது. ஒரு இயந்திரம் 80 முதல் 100 பேரின் வேலையைச் செய்யும் என்பது அங்கே வழக்கமான கணக்கு. இன்று அந்த மாநிலத்தில் அறுவடை ஏறக்குறைய முழுக்க இயந்திரத்தில்தான். "வந்தேறிகள் எரிபொருளைத் தின்றுவிடுவார்கள்" என்பவர்கள், அதை விளைவித்துக் கொடுத்ததும் வந்தவர்களே என்பதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நிலத்தில் விளையும் எரிபொருளில் மிகப் பழையது விறகு. புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என்றதும் யாரும் விறகைப் பற்றி நினைப்பதில்லை. ஆனால் உலகில் 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் விறகு, கரி, வறட்டி மாதிரிப் புகையும் எரிபொருளில்தான் சமைக்கிறார்கள். ஆள் கூடினால் இதற்கு என்ன ஆகும் என்பதை வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் கண்முன்னே பார்த்தோம்.

2017 ஆகஸ்டிலிருந்து சில மாதங்களுக்குள் மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் அங்கே தப்பி வந்தார்கள். முன்பே இருந்தவர்களையும் சேர்த்து, குன்றுகளில் தார்ப்பாய்க் குடிசைகளாக ஒரு பெருநகரமே முளைத்தது. அரிசியும் பருப்பும் உதவியாகக் கிடைத்தன. சமைக்க எதுவும் கிடைக்கவில்லை. அதனால் காட்டுக்குப் போனார்கள். முதலில் சுள்ளி, பிறகு கிளை, பிறகு மரம், கடைசியில் மண்ணைத் தோண்டி வேர். வேரையும் எடுத்த பிறகு மழைக்காலத்தில் குன்று சரியாமல் என்ன செய்யும்? விறகு பொறுக்கப் போவது பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வழியில் அடி, அச்சுறுத்தல், யானை. காடு அங்கே முன்பிருந்தே வாழ்ந்த ஊர்மக்களின் அடுப்புக்கும் ஆதாரம் என்பதால் அவர்களோடும் உரசல்.

2018இல் ஐ.நா. அமைப்புகள் குடும்பத்துக்கு ஒரு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கத் தொடங்கின. விறகுத் தேவை சரசரவென்று இறங்கியது. மொட்டையான குன்றுகளில் மரம் நட்டார்கள், பச்சை திரும்பியது. கவனியுங்கள்: சிலிண்டரில் இருந்தது பூமிக்கடியிலிருந்து எடுத்த பெட்ரோலிய வாயு. தீர்ந்தால் திரும்ப வராத எரிபொருள் வந்து, திரும்ப வளரும் எரிபொருளைக் காப்பாற்றியது. மரம் வளரும் வேகத்தை வெட்டும் வேகம் தாண்டிவிட்டால் விறகும் நிலக்கரி மாதிரிதான். புதுப்பிக்கத்தக்கது என்ற பெயர் எரிபொருளோடு பிறந்த குணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதை எத்தனை பேர், எவ்வளவு வேகத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நாட்டுக்குள்ளேயே நடக்கும் இடப்பெயர்ச்சியிலும் இதே கதைதான். ஆப்பிரிக்காவில் கிராமத்தில் விறகு எரித்தவர் நகரத்துக்குப் போனதும் கரிக்கு மாறுகிறார். கரி எடை குறைவு, தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவரக் கட்டுப்படியாகும், புகையும் குறைவு. ஆனால் மண் மூடிச் சுடும் பழைய சூளையில் ஒரு டன் கரிக்கு 5 முதல் 10 டன் விறகு போகும். மூட்டத்திலேயே பெரும்பங்கு சக்தி வீணாகிறது. அதனால் ஒருவர் கிராமத்தை விட்டு நகரத்துக்கு நகர்ந்தாலே காட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது, ஒரு குழந்தையும் கூடுதலாகப் பிறக்காமல்.

இதுவரை சொன்னது எல்லாம் கேள்வி கேட்டவர் பக்கம்தான் சாய்கிறது. இனி மறுபக்கம்.

சோலார் பேனல் விலை 1970களின் நடுவில், இன்றைய மதிப்பில், வாட்டுக்கு 100 டாலருக்கு மேல். இப்போது 20 சென்ட்டுக்கும் கீழே. உலகில் இதுவரை செய்த மொத்த பேனல்களின் அளவு இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கி வந்திருக்கிறது. விமானத் தொழிற்சாலைகளில் இதே போக்கை 1936இலேயே தியோடர் ரைட் எழுதிவைத்தார்: செய்யச் செய்யக் கை பழகும், வீணாவது குறையும், இயந்திரம் பெரிதாகும். கரும்புக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அடுத்த ஹெக்டேர் எப்போதும் முந்தைய ஹெக்டேரை விடக் கொஞ்சம் மட்டமான நிலம், அல்லது காடு. அடுத்த பேனலோ முந்தைய பேனலை விட மலிவு. ஐக்கிய அரபு அமீரகத்தின் அபுதாபியில் அல் தஃப்ரா சூரிய மின்நிலையத்துக்கு 2020இல் வந்த ஏலத்தொகை யூனிட்டுக்கு 1.35 சென்ட். அந்த நாட்டு மக்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதும், அது எண்ணெய் மேலேயே உட்கார்ந்திருக்கும் நாடு என்பதும் கூடுதல் சுவாரசியம்.

ஒரு ஹெக்டேர் நிலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதில் மக்காச்சோளம் போட்டால் நல்ல மகசூல் 11 டன். டன்னுக்கு 420 லிட்டர் என்றால் 4,600 லிட்டர் எத்தனால். பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் கார் எத்தனாலில் 10 போகும். ஆக ஆண்டுக்கு 46,000 கிலோமீட்டர். உழுத டீசல், போட்ட உரம், ஆலையைச் சூடாக்கிய எரிவாயு எதையும் கழிக்கவில்லை. அதே நிலத்தில், வரிசைக்கு நடுவில் தாராளமாக இடம் விட்டு, அரை மெகாவாட் பேனல் வையுங்கள். சுமாரான வெயில் என்றாலும் ஆண்டுக்கு 6 லட்சம் யூனிட். கம்பியிலும் சார்ஜரிலும் போகும் இழப்பு கழித்து மின்சார கார் யூனிட்டுக்கு 5 கிலோமீட்டர். மொத்தம் 30 லட்சம் கிலோமீட்டர். 65 மடங்கு. பயிர் தன் மேல் விழும் வெயிலில் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 1 சதவீதத்தைச் சேமித்தாலே பெரிது. பேனல் 20 சதவீதத்தை எடுக்கிறது, மின்மோட்டாரும் எஞ்சினைப் போல வெப்பமாக வீணடிப்பதில்லை. அவ்வளவுதான் ரகசியம்.

ராத்திரி வெயில் இல்லை, சேமிக்கச் செலவு உண்டு, எல்லா இடத்திலும் மின்கம்பி இல்லை. அதெல்லாம் சரி. ஆனால் 65 மடங்கு இடைவெளியில் இந்தச் செலவெல்லாம் அடங்கிவிடும். நிலம்தான் தட்டுப்பாடு என்று பயப்படுபவர் முதலில் எதிர்க்க வேண்டியது சோள எத்தனாலை.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஒன்று: வட்டி. பெட்ரோல் என்றால் இன்றைக்குத் தேவையானதை இன்றைக்கு வாங்கலாம். சோலார் என்பது 25 ஆண்டு மின்சாரத்தை முதல் நாளே காசு கொடுத்து வாங்குவது. அதனால் அதன் விலையில் பாதி வெயில், பாதி வட்டி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கிலோவாட் நிலையம் போட 1,000 டாலர், 25 ஆண்டு தவணை என்று வையுங்கள். 4 சதவீத வட்டிக்கு ஆண்டுத் தவணை 64 டாலர், 12 சதவீதத்துக்கு 127 டாலருக்கு மேல். வெயில் கொளுத்தும் ஏழை நாட்டில் அந்த ஒரு கிலோவாட் 1,700 யூனிட் தரும், மேகம் மூடிய பணக்கார நாட்டில் 1,000 யூனிட்தான். ஏழை நாட்டில் 12 சதவீத வட்டியோடு யூனிட்டுக்கு 7.5 சென்ட் விழும். பணக்கார நாட்டில் 4 சதவீத வட்டியோடு 6.4 சென்ட். சூரியனே இல்லாத ஊரில் சூரிய மின்சாரம் மலிவு!

மக்கள்தொகை வேகமாக வளரும் நாடுகள் பெரும்பாலும் வட்டி அதிகமான நாடுகள். மக்கள் குடியேறிப் போவது பெரும்பாலும் வட்டி குறைந்த நாடுகளுக்கு. அதாவது ஒருவர் எல்லை தாண்டும்போது, அவருக்குச் சுத்தமான மின்சாரம் கொடுப்பது மலிவாக இருக்கும் இடத்துக்குப் போகிறார். கேள்வியில் இருந்த பயத்துக்கு நேர் எதிரான திசை இது. இன்னொரு பக்கம், அவர் ஊருக்கு அனுப்பும் பணம். 2023இல் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளுக்கு இப்படிப் போன தொகை உலக வங்கிக் கணக்கில் சுமார் 65,600 கோடி டாலர். அந்நிய நேரடி முதலீட்டை விட அதிகம். வட்டியில்லா முதல் அது. அதில் ஒரு பங்கு கேஸ் அடுப்பாகவும், கூரை மேல் பேனலாகவும் மாறும்போது 12 சதவீத வட்டி என்ற சுவர் அந்த வீட்டுக்கு இல்லாமல் போகிறது.

இனி, நியாயமாக ஒத்துக்கொள்ள வேண்டியது. உலகச் சராசரியில் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டன்னுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு. அமெரிக்காவில் 14 டன். அங்கே போய்ச் சேர்பவர் நாளடைவில் அந்த 14ஐ நோக்கி நகர்வார். இதை வைத்துக் குடியேற்றத்தையே எதிர்க்க வேண்டும் என்ற வாதம் அமெரிக்கச் சூழலியலாளர்களுக்குள் நீண்ட காலமாக உண்டு. 1998இல் சியரா கிளப் என்ற பழைய சூழல் அமைப்பு உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பே நடத்தியது. ஐந்தில் மூன்று பேர், இதில் நடுநிலை வகிப்போம் என்றார்கள்.

அந்த வாதத்தில் எனக்கு ஒட்டாத இடம் ஒன்று உண்டு. 14 என்பதைக் கல்லில் வெட்டிய எண்ணாக அது எடுத்துக்கொள்கிறது. பிரான்ஸும் பணக்கார நாடுதான். அணுமின்சாரம் அதிகம் என்பதால் அங்கே ஆளுக்கு 4 டன்னை ஒட்டித்தான். உலகச் சராசரி அளவில் வாழ்ந்த ஒருவர் அங்கே குடியேறினால் மொத்தப் புகை ஏறவே ஏறாது. ஆக, வந்தவர் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். மறுபடியும் அதே அடுப்புக் கதை. ஏழை நாட்டில் ஒருவர் குறைவாக எரிக்கிறார் என்றால் பெரும்பாலும் அவரிடம் எரிக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்த ஏழ்மையைச் சிக்கனம் என்று கணக்கெழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆள் குறைந்தால் எல்லாம் எளிதாகிவிடும் என்பதும் அவ்வளவு நிச்சயம் இல்லை. ஜப்பானில் பெட்ரோல் பங்க்குகள் 1994இல் 60,000. இப்போது பாதிகூட இல்லை. சிக்கனமான கார்கள் ஒரு காரணம், ஆள் காலியான கிராமங்கள் இன்னொரு காரணம். கடைசி பங்க் மூடிய ஊரில் இருக்கும் முதியவர் குளிர்காலத்து மண்ணெண்ணெய்க்கு அடுத்த ஊர் போகிறார். மின்கம்பியும் அப்படித்தான். நூறு வீட்டுக்குப் போட்ட கம்பியை முப்பது வீடு பராமரிக்க வேண்டும். வளரும் ஊரில் புதுவீடு கட்டும்போதே மின்சார அடுப்பு, வெப்பப் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) என்று போட்டுவிடலாம், பழைய வீட்டை உடைத்து மாற்றுவதை விடச் செலவு குறைவு. புதிதாக வருபவர்களுக்காகக் கட்டும் வீடுகள் இந்த விஷயத்தில் ஒரு வாய்ப்பு. அதைப் பழைய மாதிரியே கட்டிவைத்தால் ஐம்பது ஆண்டுக்குத் தலைவலி.

மின்சாரம் போய்ச் சேராத இடம் ஒன்று மிஞ்சுகிறது: விமானம். குடியேறியவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊர் திரும்புவார், அதனால் இது நம் கேள்விக்கு வெளியே போகாது. நெடுந்தூர விமானத்தைத் தூக்கப் பேட்டரிக்கு எடை ஒத்துவராது. அதனால் தாவர எண்ணெயிலும் பொரித்து மீந்த எண்ணெயிலும் விமான எரிபொருள் செய்கிறார்கள். விலை சாதாரண எரிபொருளைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு. 2024இல் உலகம் முழுக்க இது மொத்த விமான எரிபொருளில் 0.3 சதவீதம் மட்டுமே. பொரித்த எண்ணெய்க்கு ஒரு எல்லை உண்டு. எரிபொருள் வேண்டும் என்பதற்காக யாரும் கூடுதலாகப் பொரிக்கப் போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 சதவீதம், 2030இல் 6 சதவீதம், 2050இல் 70 சதவீதம் கலக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது. விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருள் 30 சதவீதம், புதிய எரிபொருள் மூன்று மடங்கு விலை என்று வைத்தால், 6 சதவீதக் கலப்புக்கு டிக்கெட் விலை 3.6 சதவீதம் ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடலாம். 70 சதவீதம் என்றால் அதே கணக்கில் 42 சதவீதம். விலை மூன்று மடங்கோடு நிற்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. எல்லோரும் ஒரே நேரத்தில் அதே எண்ணெயைத் தேடினால், விளைநிலத்துக் கதை திரும்ப நடக்கும். விதியை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 2050இல் மொத்த எரிபொருளில் 35 சதவீதம், அதாவது அந்த 70இல் பாதி, மின்சாரத்திலிருந்து செய்த செயற்கை எண்ணெயாக இருக்க வேண்டும் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு முதலில் ஹைட்ரஜன் வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் போகும், கிடைக்கும் சக்தி 33 யூனிட். அதை எண்ணெயாக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். இன்றைய நிலையில் அது வயல் எண்ணெயை விடவும் விலை அதிகம். ஆனால் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால், அது பேனல் பக்கத்துச் சரக்கு.